பிள்ளை பார்க்கும் வேலையும் பாஸ்போர்ட்டில் இல்லாத வரியும்

பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட் வாங்கினால் அதில் ஒரு வரி அச்சாகி வரும். குடிபெயர்வுச் சோதனை தேவை என்பது அதன் பொருள். ஊர்ப்பேச்சில் அது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். பத்தாவது தேறி மதிப்பெண் சான்றிதழைக் காட்டியவருக்கு அந்த வரி இருக்காது. வேறு குறிப்பும் இருக்காது, அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். சேலத்திலிருந்தோ ராசிபுரத்திலிருந்தோ வெளிநாட்டு வீடொன்றில் குழந்தை பார்க்கப் புறப்படும் பெண் இந்திய அரசின் கண்ணில் படுவாரா, படாமலே விமானம் ஏறுவாரா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் முடிவு செய்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி பெற்றாக வேண்டும். அந்தப் பாஸ்போர்ட்டில் அந்த நாடுகளுக்குப் போகும் பெண்ணுக்கு, செவிலியர் நீங்கலாக, 30 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த விதிகளை வகுத்தவர்களின் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் இவை பெண்ணின் வயதையும் படிப்பையும் பார்க்கின்றன, அவர் செய்யப்போகும் வேலையைப் பார்ப்பதில்லை. காவல் வேலையோடு சேர்ந்து வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது ஏன் தனிக் கவலை என்பதற்குக் காரணம் உண்டு. வேலை தேடி ஊர்விட்டுப் போவது இங்கே புதிதல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுக்கப் போகின்றன. நாமக்கல் லாரிகள் ஓடாத நெடுஞ்சாலை நாட்டில் இல்லை. ஆனால் அந்தப் போக்குவரத்து ஆண்களுடையது, கூட்டமாகப் போவது. ரிக் வண்டியில் போகும் பையனோடு பக்கத்து ஊர்க்காரர்கள் இருப்பார்கள். முதலாளியின் வீடு எது என்று அவன் அம்மாவுக்குத் தெரியும். ஏதேனும் நடந்தால் நேரில் போய்க் கேட்க ஒரு வாசல் உண்டு. வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அவர் தனியாகப் போகிறார், பூட்டிய கதவுக்குப் பின்னால் வேலை பார்க்கிறார். இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக வெளிநாட்டுத் தொடர்பு இருப்பதால் எந்த ஏஜென்ட் நம்பத்தக்கவர், எந்த விசா பொய் என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார். விசைத்தறி, சேகோ ஆலை, நூற்பாலை, கோழிப்பண்ணை என்று உள்ளூர் வேலையையே நம்பி வாழ்ந்த சேலம், நாமக்கல் குடும்பங்களுக்கு அந்த அனுபவச் சேமிப்பு குறைவு. குழு லோனும் தண்டல் கடனும் நெருக்கும்போது 'துபாயில் பாப்பா பார்த்துக்கற வேலை, சமையல்கூட கிடையாது' என்று சொல்லிக்கொண்டு வரும் சப்-ஏஜென்ட்தான் பல வீடுகளுக்கு முதல் தகவலாளர்.

இன்னொன்று, நாமக்கல் பள்ளிகளின் ஊர். விடுதியோடு கூடிய பள்ளிகளுக்காகவும் தேர்வு முடிவுகளுக்காகவும் தமிழகம் முழுக்கப் பெயர் பெற்ற மாவட்டம். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்று இருபதுகளில் இருக்கும் பெண்களில் பத்தாவது தேறாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்விக்கு இது பெருமை. ஆனால் குடிபெயர்வுச் சட்டத்தின் கணக்கில், பத்தாவது தேறிய 23 வயதுப் பெண் ஓமானில் வீட்டு வேலைக்குப் போனால் அனுமதி வேண்டாம், வயதுத் தடை கிடையாது, ஒப்பந்தத்தைத் தூதரகம் சரிபார்க்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. 50 வயதைக் கடந்தவருக்கும் சோதனை இல்லை. ஆக, முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட, பத்தாவது தேறாத பெண்ணுக்கு மட்டுமே முழுக் காவல் உண்டு. அவருக்குக் கிடைப்பது சிறிய காவலும் அல்ல. 2016 முதல் அவரைத் தனியார் ஏஜென்ட் அனுப்ப முடியாது. தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகள் வழியாகத்தான் போக வேண்டும். ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏற வேண்டும். 10 லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய காப்பீடு எடுத்திருக்க வேண்டும். நேரடியாக ஆள் எடுக்கும் முதலாளி 2,500 அமெரிக்க டாலருக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகூட விதிக்கப்பட்டது. இவ்வளவும் ஒரு மதிப்பெண் சான்றிதழால் ஒரே நொடியில் நீங்கிவிடுகின்றன. படித்த பெண்ணுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்ற நம்பிக்கைதான் இதன் அடிப்படை. பூட்டிய வீட்டுக்குள் பாஸ்போர்ட் பறிக்கப்பட்ட நிலையில் பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் எப்படி உதவும் என்பதை யாரும் விளக்கியதில்லை.

இனி அந்தப் பக்கத்துக் கதவுகளைப் பார்ப்போம். குழந்தை பார்க்கும் வேலைக்கு உலகில் இரண்டு வகை விசாக்கள் உள்ளன, இரண்டும் வெவ்வேறு உலகங்கள். ஒன்று ஐரோப்பாவின் 'ஓ பேர்' முறை. சரிசமம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. வெளிநாட்டு இளம்பெண் ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே மொழியும் பண்பாடும் கற்றுக்கொள்வதுதான் ஏற்பாடு. 1969இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இதற்கென ஓர் ஐரோப்பிய உடன்பாடே எழுதப்பட்டது. ஜெர்மனியை எடுத்துக்கொண்டால், விண்ணப்பிக்கும்போது 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 27 ஆகியிருக்கக் கூடாது. ஏ1 அளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ. காப்பீடு குடும்பத்தின் பொறுப்பு, மொழி வகுப்புச் செலவிலும் அவர்கள் பங்கு தர வேண்டும். அதிகபட்சம் ஓராண்டு. அமெரிக்காவின் ஜே-1 விசாவில் வயது 18 முதல் 26, பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், ஆங்கிலம் பேச வேண்டும். வாரம் 45 மணி நேரம், நாளுக்கு 10 மணி நேரம் என்பது உச்சவரம்பு. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போக 200 மணி நேரம் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவத்துக்குச் சான்று வேண்டும். இந்தக் கடைசி விதியை நினைவில் வையுங்கள், அதற்குத் திரும்பி வருவோம். பிரிட்டன் ஓ பேர் விசாவை 2008இலேயே எடுத்துவிட்டது. 2023இல் இந்தியாவோடு தொடங்கிய இளம் தொழில்முறையாளர் திட்டத்தில் ஆண்டுக்கு 3,000 இடங்கள் வரை உண்டு. 18 முதல் 30 வயது, ஒரு பட்டம், கையிருப்பாக 2,530 பவுண்டு, அதற்குமேல் குலுக்கலில் பெயர் விழும் அதிர்ஷ்டம் ஆகியவை வேண்டும். கனடா 2025 மார்ச் 31 அன்று வீட்டுப் பராமரிப்பாளருக்கான புதிய முன்னோடித் திட்டத்தைத் திறந்தது. மொழித் தேர்வு, பள்ளிப் படிப்பின் மதிப்பீடு, ஆறு மாத அனுபவம் அல்லது பயிற்சி, கையில் வேலை உத்தரவு என்று அதன் கேள்விகள் நீண்டன.

இரண்டாம் வகை, வீட்டு வேலையாளர் விசா. தமிழ்ப் பெண்கள் உண்மையில் அதிகம் தட்டும் கதவு இதுதான். சிங்கப்பூரில் 23 முதல் 50 வயது வரை, குறைந்தது எட்டு ஆண்டு பள்ளிப் படிப்பு வேண்டும். முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்டுகிறார், மாதந்தோறும் அரசுக்குத் தீர்வை செலுத்துகிறார். புதிதாக வருபவர் ஒருநாள் அறிமுக வகுப்புக்குப் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. கர்ப்பமானால் திருப்பி அனுப்பப்படுவார். இந்தக் கடுமைக்கு நடுவே நல்லதொன்றும் உண்டு: கிளம்பும் முன்பே கைக்கு வரும் ஐ.பி.ஏ. என்ற முன் ஒப்புதல் கடிதத்தில் மாதச் சம்பளம் எழுத்தில் இருக்கும். ஏஜென்ட் கட்டணமும் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளம் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். 2023 முதல் மாதம் ஒரு நாளாவது, காசு கொடுத்து ஈடுசெய்ய முடியாத விடுமுறை உண்டு. இவை சிங்கப்பூர் தந்த காவல். இந்தியாவின் 18 நாடுகள் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை என்பதால் நம் பக்கத்திலிருந்து கட்டாயச் சரிபார்ப்பு எதுவும் கிடையாது.

வளைகுடாவிலும் சட்டமே இல்லை என்பது பழைய கதை. குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் எண் சட்டம் நாளுக்கு 12 மணி நேர வரம்பும், வார விடுமுறையும், ஆண்டுக்கு 30 நாள் சம்பள விடுப்பும் தருகிறது. வேலையாளர் வயது 21 முதல் 60 வரை என்கிறது. கத்தார் 2021இல் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியத்தை வீட்டு வேலையாளருக்கும் சேர்த்தே நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஐக்கிய அமீரகத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 12 மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தொடர்ச்சியாக, என்று வரையறுக்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதையும் தடை செய்கிறது. ஆனால் இவை எல்லாம் முறையான வீட்டு வேலை விசாவில் வந்தவருக்கே கைகொடுக்கும். கத்தாமா விசா என்று நம் பெண்கள் சொல்வது அதைத்தான். அந்த விசாவோ கபீல் என்கிற முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வேலைக்கு வந்த பெண் அவர் வீட்டைவிட்டு வெளியேறினால் சட்டத்தின் கண்ணில் ஓடிப்போனவர் ஆகிவிடுவார். விசிட் விசாவில் வந்தவருக்கு இந்த அரைப் பாதுகாப்பும் இல்லை. சுற்றுலாப் பயணியாக இறங்கியவர் வேலை பார்ப்பதே குற்றம். ஏஜென்டுக்கு விசிட் விசா பிடிப்பதற்குக் காரணம் இதுதான்: நம் பக்கத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை, அந்தப் பக்கத்தில் அந்தப் பெண்ணால் எதையும் கேட்க முடியாது.

இப்போது வயதுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஜெர்மனி 27க்குக் கீழே இருந்தால் வா என்கிறது. இந்தியச் சட்டம் 30க்கு மேலே இருந்தால்தான் போ என்கிறது. சிங்கப்பூர் 23 என்கிறது, குவைத் 21 என்கிறது. தூக்கப்போவது எல்லா இடத்திலும் அதே குழந்தையை. பன்னிரண்டாவது படித்து ஜெர்மன் கற்ற நாமக்கல் பெண் 22 வயதில் மியூனிக்கில் குடும்ப உறுப்பினராக நடத்தப்பட வேண்டியவர். எட்டாவதோடு நின்ற அவருடைய சித்தி குவைத்துக்குப் போவதானால் அதே 22 வயதில் போக முடியாது, 30 வரை காத்திருக்க வேண்டும். அந்த எட்டு ஆண்டுகளில் கடனும் கல்யாணமும் காத்திருப்பதில்லை. அதனால்தான் வயதை மாற்றும் வேலை நடக்கிறது.

அதற்கு நம் மொழி பேசும் மண்ணிலேயே கொடிய சாட்சி உண்டு. திருகோணமலை மாவட்டம் மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக் 1988இல் பிறந்தவர். ஏஜென்ட் ஏற்பாடு செய்த பாஸ்போர்ட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. 2005இல் வீட்டு வேலைக்கு என்று சவூதி அரேபியா போனார். அங்கே நான்கு மாதக் கைக்குழந்தையை அவர் கையில் கொடுத்தார்கள். சில வாரங்களில் குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரை ஏறியது என்றார் அவர். கொலை என்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9 அன்று அவருடைய தலை வெட்டப்பட்டது. குழந்தை இறந்தபோது அவருக்கு 17 வயது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைத் தொட 200 மணி நேர அனுபவச் சான்று கேட்கும் அமெரிக்க விதியை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கக்கூடியது பாஸ்போர்ட்டில் இருந்த ஒரு பிறந்த ஆண்டு அல்ல. கைக்குழந்தை பார்க்கும் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்து, அதற்குப் பயிற்சி கேட்டிருந்தால், அவர் அந்த வீட்டுக்குப் போயிருக்கவே முடியாது.

வயதுத் தடை பயன் தராது என்பதற்கு நேபாளமும் சாட்சி. 2012இல் அந்த நாடு 30 வயதுக்கு உட்பட்ட பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகத் தடை போட்டது. பெண்கள் நிற்கவில்லை, இந்திய விமான நிலையங்கள் வழியாகப் போனார்கள். பதிவு இல்லாமல் போனதால் ஆபத்து கூடியது என்று உலகத் தொழிலாளர் அமைப்பின் 2015ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பிலிப்பீன்ஸ் 1998 முதல் ஓ பேர் பெண்களை ஐரோப்பாவுக்கு அனுப்ப மறுத்தது. அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 2012இல் தடையை நீக்கிக்கொண்டது. வயது மட்டும் காப்பதாக இருந்தால், 2015இல் ரியாத் வீடொன்றில் வலது கையை இழந்த காட்பாடிப் பக்கத்துப் பெண்ணைக் காத்திருக்க வேண்டும், அவர் ஐம்பதைக் கடந்தவர். முதலாளி வெட்டினார் என்றது குடும்பம், தப்பிக்கும்போது விழுந்ததாகச் சொன்னது சவூதி தரப்பு. எது உண்மையானாலும் அவரைத் தப்பிக்கத் தூண்டிய அந்த வீட்டுக்குள் எந்த அதிகாரியின் கண்ணும் எட்டவில்லை.

இதற்கு எழும் மறுப்புகளை லேசாக ஒதுக்க முடியாது. இளம்பெண்கள் பாலியல் சுரண்டலுக்கு எளிதில் ஆளாவார்கள், 30 வயதுத் தடை முழுதும் தடுக்காவிட்டாலும் கொஞ்சமாவது தடுக்கும் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது, பதினெட்டு வயதுப் பெண்ணைத் தனி வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. பிலிப்பீன்ஸ் 23 என்று வைத்தது, கூடவே மாதம் 400 டாலர் குறைந்தபட்ச ஊதியம், ஏஜென்ட் கட்டணம் கூடாது, வீட்டுப் பணியில் அரசுச் சான்றிதழ் கட்டாயம் என்று வேலையைச் சுற்றி வேலி கட்டியது. அங்கேயும் கொடுமைகள் நின்றுவிடவில்லை. ஆனால் எந்தப் பெண் எந்த வீட்டில் என்ன சம்பளத்துக்கு இருக்கிறார் என்ற பதிவு அரசிடம் இருந்தது. நம்முடைய விதியில், தடையைத் தாண்டிப் போகும் பெண் பதிவிலிருந்தே காணாமல் போகிறார்.

இரண்டாவது மறுப்பு சுதந்திரம் பற்றியது. படித்து, வயது வந்த பெண்ணின் பயணத்தில் அரசுக்கு என்ன வேலை? 2018 நவம்பரில் இதே கேள்விதான் எழுந்தது. சோதனை தேவைப்படாத பாஸ்போர்ட்காரர்களும் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் பதிவு செய்ய வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பொறியாளரையும் கணக்காளரையும் விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தும் பதிவு யாரையும் காக்காது. ஆனால் 2015இல் அதே அமைச்சகம் செவிலியர்களை, அவர்கள் பட்டம் பெற்றவர்களாக இருந்தாலும், அனுமதி தேவைப்படுவோர் பட்டியலுக்குள் கொண்டு வந்தது. கொள்ளைக் கட்டணம் வாங்கிய ஏஜென்ட்டுகளிடமிருந்து காப்பதற்காக எடுத்த முடிவு அது. அன்று படிப்பைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தார்கள். செவிலியருக்குச் செய்ததைக் குழந்தை பார்ப்பவருக்கும் செய்வதில் சட்டத் தடை இருப்பதாகத் தெரியவில்லை. மருத்துவமனையில் சக ஊழியர்கள் சூழ வேலை பார்ப்பவரைவிட, ஒரு வீட்டுக்குள் தனியாக இருப்பவருக்குக் காவலின் தேவை கூடுதல்.

மூன்றாவதாக ஒரு வாதம் உண்டு: ஓ பேர் முறை நாகரிகமான நாடுகளின் ஏற்பாடு, அதற்கெல்லாம் இந்தக் கவலை எதற்கு? அமெரிக்காவில் ஓ பேர் பெண்கள் தங்களுக்குக் குறைவாகப் பணம் தரப்பட்டது என்று தொடுத்த வழக்கில், 2019இல் ஏஜென்சிகள் 6.55 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. நார்வே 2024 மார்ச்சில் அந்த விசாவையே ரத்து செய்தது. பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் மலிவான வீட்டு வேலை நடக்கிறது என்பதுதான் அங்கே எழுந்த முதன்மைக் குற்றச்சாட்டு. காகிதத்தில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம் என்ற பிரச்சினைக்கு நாடோ பதவியோ விலக்கல்ல. நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதராக இருந்த தேவயானி கோப்ரகடே மீது 2013 டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகள் சுமத்திய குற்றச்சாட்டு இதுதான்: வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விண்ணப்பத்தில் மணிக்கு 9.75 டாலர் என்று எழுதிவிட்டு, தனியாக இன்னொரு ஒப்பந்தத்தில் மாதம் 30,000 ரூபாய் என்று எழுதியது. அந்த வழக்கு இரு நாடுகளின் மானப் பிரச்சினையாக மாறியதில், பெண்ணின் சம்பளம் பற்றிய கேள்வி பின்னுக்குப் போனது. அது வருத்தத்துக்குரியது.

செய்ய வேண்டியது என்ன என்பதும் தெளிவாகவே இருக்கிறது. வெளிநாட்டு வீட்டு வேலை, குழந்தைப் பராமரிப்பு என்ற வேலையைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுத வேண்டும். அந்த வேலைக்குப் போகிற எவருக்கும், பத்தாவது தேறினாலும் தேறாவிட்டாலும், 18 நாடுகள் ஆனாலும் சிங்கப்பூர் ஆனாலும், தமிழில் எழுதிய ஒப்பந்தமும் காப்பீடும் கட்டணமில்லாப் பயிற்சியும் கிடைக்க வேண்டும். கைக்குழந்தையைப் பார்ப்பதானால் அது ஒப்பந்தத்தில் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். பாஸ்போர்ட் வாங்கச் சேலத்திலேயே அஞ்சலக மையம் வந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தத்தைக் காட்டி 'இது சரிதானா' என்று கேட்க அப்படியொரு இடம் பக்கத்தில் இல்லை, சென்னைக்குத்தான் போக வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வாரம் ஒருநாள் அதற்கென ஓர் அலுவலர் உட்கார்ந்தால் போதும், பாதி சப்-ஏஜென்ட்டுகளுக்கு ஊரில் வேலை இருக்காது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற 2021இல் ஒரு வரைவு வந்தது. 2025 அக்டோபரில் இன்னொரு வரைவை வெளியுறவு அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வைத்தது. வீட்டு வேலையாளர் பற்றிய உலகத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கைக்கு 2011இல் ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. இந்த மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து பேச இதைவிடத் தகுந்த பொருள் வேறில்லை.

சட்டம் மாறும்வரை வீட்டில் யாரேனும் இந்த வேலைக்குக் கிளம்பினால் மூன்றைப் பாருங்கள். ஏஜென்ட்டின் பதிவு எண் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா? கட்டணமாக 30,000 ரூபாய்க்கும் ஜி.எஸ்.டி.க்கும் மேல் கேட்கிறாரா? விசாவில் எழுதியிருப்பது வேலையா, விசிட்டா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும் பணம் கட்டாமல் 1800 11 3090 என்ற அரசின் இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.